போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் மகள் பாதுகாப்பாகிவிடுவாளா?

அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து, பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகளின் இன்ஸ்டாகிராம் படத்தை எவனோ எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி ஒரு நிர்வாண உடலோடு ஒட்டி, அவளுக்கே அனுப்பியிருக்கிறான். பத்தாயிரம் ரூபாய் தராவிட்டால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவதாக மிரட்டியிருக்கிறான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த பிள்ளை மூன்றாம் நாள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். தகப்பனாரும் பெரியப்பாவும் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுப் படிப்பையும் நிறுத்திவிடலாம் என்கிறார்கள். "போன் கையில இருக்கப் போய்த்தான இவ்வளவும் வந்தது, அது இல்லாட்டி பிள்ள பத்திரமா இருப்பால்லா?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

அம்மா, இருக்கமாட்டாள். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்த காலத்திலும், அதன்பின் வழக்கறிஞராகவும் இப்படிப்பட்ட பல வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டில் பெண் வாய் திறந்து சொன்னாளோ அந்த வீடு மீண்டுவிடும். உங்கள் மகள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதற்கு நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை ஏதாவது நடந்தால் உங்களிடம் வருவாளா என்பது இருக்கிறது.

முதலில் இன்றிரவே செய்ய வேண்டியவை. ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது; கொடுத்தவரிடம் மறுபடி கேட்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அவனோடு வாதாடவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். பதற்றத்தில் பெண்கள் செய்யும் பெரிய பிழை, எல்லாச் செய்தியையும் அழித்துவிட்டுக் கணக்கையே மூடிவிடுவது. அப்படி அழித்தால் அவன் செய்த குற்றத்துக்கான சான்றை நாமே துடைத்துவிடுகிறோம். மிரட்டல் செய்திகள் எல்லாவற்றையும், அனுப்பியவனின் கணக்குப் பெயரும் நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவன் கணக்கின் லிங்க்கைத் தனியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்; கணக்கின் பெயரை அவன் நிமிடத்தில் மாற்றிவிட முடியும் என்பதால் பெயரை மட்டும் குறித்து வைப்பது போதாது. பணம் போடச் சொல்லி ஜிபே எண்ணோ யூ.பி.ஐ. முகவரியோ கொடுத்திருந்தால், உங்கள் கையில் இருப்பவற்றில் வலுவான தடயம் அதுதான், ஏனென்றால் அதன் பின்னால் ஒரு வங்கிக் கணக்கு இருந்தாக வேண்டும். ஏற்கெனவே பணம் ஏதும் போயிருந்தால் காலை வரை காத்திராமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குமுன் அந்தக் கணக்கை முடக்குவதற்காகவே ஏற்பட்ட எண் அது.

அந்தப் படத்தை 'இதைப் பாருங்கள்' என்று உறவினர் எவருக்கும் அனுப்பாதீர்கள். நல்லெண்ணத்தோடு அனுப்பினாலும் படம் பரவுகிறது. இதைப் படிக்கும் வேறு வீடுகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இப்படிச் சிக்கியிருந்தால் இன்னும் கவனம் தேவை: 18 வயது நிறையாதவர்களின் ஆபாசப் படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி தனிக் குற்றம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் அதோடு சேரும்.

சான்றுகளைச் சேர்த்த பிறகு இன்ஸ்டாகிராமிலேயே அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் செய்யுங்கள். நிர்வாணப் படங்களையும், இதுபோல ஒட்டுவேலை செய்த படங்களையும், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் நிறுவனம் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று, 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருக்கின்றன; அதற்குமுன் அந்தக் கெடு 24 மணி நேரமாக இருந்தது. படம் இன்னும் எங்கும் வெளிவரவில்லையென்றால் 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இணையதளம் உதவும். 2021 டிசம்பரில் தொடங்கிய அது 18 வயது நிறைந்தவர்களுக்கானது. அங்கே படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. உங்கள் கைப்பேசியிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண்வரிசை உருவாகி, அந்த எண்வரிசை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகிறது. பிறகு யாராவது அதே படத்தை அங்கே ஏற்ற முயன்றால் அடையாளம் கண்டு தடுக்கிறார்கள். படம் கைப்பேசியில் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பது, அழிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மிரட்டுகிறவனிடம் என்ன இருக்கிறது? ஒரு போலிப் படம் இருக்கிறது. அது போலி என்று அவனுக்குத் தெரியும், உங்கள் மகளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். வீட்டில் தெரிந்தால் அடி விழும், போன் போகும், படிப்பு போகும், யாரையாவது பார்த்துக் கட்டி வைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் அந்த இரண்டு நாளும் அவள் வாயைக் கட்டியது. அவனுடைய முழு முதலீடும் அந்தப் பயம்தான். இப்போது உண்மையிலேயே போனையும் படிப்பையும் பிடுங்கினால், அவன் என்ன நடக்கும் என்று சொல்லிப் பயமுறுத்தினானோ அதை நீங்களே செய்து முடித்தவர்களாகிவிடுவீர்கள். அதோடு நிற்காது. அவளுடைய தங்கை, சித்தப்பா மகள், தெருவிலுள்ள மற்ற பிள்ளைகள் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'அவள் சொன்னாள், அவளுக்கு இப்படி ஆயிற்று' என்று தெரிந்தபின் அவர்களில் எவளும் தன் வீட்டில் வாய் திறக்கமாட்டாள்.

பொள்ளாச்சியில் நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெண்களோடு பழகி அழைத்துப்போய்ப் படம் எடுத்து, அந்தப் படத்தை வைத்தே திரும்பத் திரும்ப மிரட்டிய அந்தக் கூட்டம் நீண்ட நாள் பிடிபடாமல் இருந்ததற்குக் காரணம், வீட்டுக்குப் பயந்து பெண்கள் அடக்கிக்கொண்ட வாய்தான். 2019இல் ஒரு மாணவி புகார் கொடுத்த பிறகுதான் அது உடைந்தது. அப்போது அவருடைய அடையாளம் அதிகாரிகள் வாயிலாகவே வெளியானது பெருங்கொடுமை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவிலும், அதற்குமுன் இருந்த சட்டத்திலும் குற்றம். அவ்வளவு நடந்தும் சாட்சிகள் பிறழவில்லை. குற்றவாளிகளின் மின்னணுக் கருவிகளிலிருந்து மீட்டெடுத்த பதிவுகளும் அந்தச் சாட்சியத்துக்குத் துணை நின்றன. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பெண்களை மிரட்டப் பயன்பட்ட அதே பதிவுகள்தான் இறுதியில் மிரட்டியவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லின.

உங்கள் வீட்டு ஆண்களின் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் திருநெல்வேலிச் சீமையில் 'பிள்ளை பத்திரம்' என்று சொல்லும்போது அதற்குள் இரண்டு பொருள் கலந்துகிடக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒன்று அவள் உடலுக்கும் மனத்துக்கும் தீங்கு வரக் கூடாது என்பது. மற்றொன்று, அவள் வேறு சாதிப் பையனோடு பேசிவிடக் கூடாது என்பது. அண்ணன்மார் தங்கையின் போனை வாங்கித் தடவிப் பார்ப்பதும், யாருடைய எண் எந்தப் பெயரில் இருக்கிறது என்று துருவுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது காவலுக்காகத்தான். முதல் பாதுகாப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் காவலுக்குப் பழகிய பெண், பேச்சை மறைக்கவும் பெயரை மாற்றிப் பதியவும் கற்றுக்கொள்கிறாள். அந்த மறைவைத்தான் மிரட்டுகிறவன் தேடி வருகிறான். வீட்டாருக்குத் தெரியாமல் ஒரு கணக்கு வைத்திருக்கும் பெண்ணை மிரட்ட அவனுக்குப் படம்கூடத் தேவையில்லை, 'உன் அண்ணனிடம் சொல்லிவிடுவேன்' என்ற ஒரு வரி போதும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், மாணவியர் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்ற விதியை ஏற்காத ஒரு மாணவியை வெளியேற்றினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்விக்கான உரிமையோடும் அந்தரங்கத்துக்கான உரிமையோடும் பிணைந்தது என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கச் சொன்னது. வயது வந்த பெண்ணின் கைப்பேசி அவளுடையது என்ற எளிய செய்தியைச் சொல்ல அங்கே ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

பெண் கையில் போன் கொடுப்பதால் ஆபத்தா என்று கேட்கிறவர்களுக்கு, என் அனுபவத்தில் நான் கண்ட பெரிய ஆபத்தைச் சொல்கிறேன்: அரைகுறையாகக் கொடுப்பது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்தார்கள். ஆனால் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 47 பேர்தான், ஆண்களிலோ 70 பேர். போன் இருக்கிறது, அதை ஆளத் தெரியாது, அல்லது ஆள விடுவதில்லை என்ற இடைவெளி இந்த எண்களுக்குள் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் திருடர்கள் புகுகிறார்கள்.

முக்கூடல் பக்கத்துப் பெண்மணி ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் சுளகு மடியில் வைத்து இலை வெட்டிப் பீடி சுற்றுகிறவர். வங்கிக் கணக்கு அவர் பெயரில், மகளிர் உரிமைத் தொகையும் அந்தக் கணக்குக்கே வருகிறது. ஆனால் கணக்கோடு இணைத்த எண் சொந்தக்காரப் பையன் ஒருவனுடையது, ஏனென்றால் கணக்கு தொடங்கும்போது கூடப் போனவன் அவன். அவருடைய ஆதாரையும் படத்தையும் கொண்டு அந்தப் பையன் ஒரு கடன் செயலியில் பணம் எடுத்துவிட்டான். ஓ.டி.பி. வந்தது அவன் போனுக்கு, தவணை போனது இவர் கணக்கிலிருந்து. தவணை தவறியதும் கடன்காரர்கள் இவருடைய முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, அந்தப் பையனின் போனிலிருந்த எல்லா எண்களுக்கும் அனுப்பினார்கள். பட்டன் போன் மட்டும் வைத்திருந்த இவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி காட்டித்தான் செய்தியே தெரிந்தது. கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்துவிட்டது; அந்த விதியை மதிக்காத செயலிகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. அந்தப் பெண்ணிடம் ஸ்மார்ட்போன் இல்லை என்பது அவரை எந்த விதத்திலும் காப்பாற்றவில்லை. தன் பெயரில் நடப்பதைத் தானே பார்க்க முடியாததால்தான் அவர் சிக்கினார்.

ஆகவே உங்கள் மகளுடைய சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் பெயரிலோ பெரியப்பா பெயரிலோ இருந்தால் போன் தொலைந்த அன்று அவளால் எண்ணை முடக்கவும் முடியாது, மாற்று சிம் வாங்கவும் முடியாது. அவள் பெயருக்கே மாற்றுங்கள். உங்கள் சிம்மும் அப்படியே உங்கள் பெயரில் இருக்கட்டும். புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறதென்றால், அந்தக் கணக்கோடு இணைத்த எண்ணும் அவளுடையதாக இருக்கட்டும். உங்கள் ஆதாரைக் கொண்டு வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம்.

அடுத்தது வாட்ஸ்அப். அதில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஓர் இடம் உண்டு. போன் ஒரே ஒரு நிமிடம் வேறொருவர் கையில் திறந்த நிலையில் கிடைத்தால், அவர் தன் கணினியோடு அதை இணைத்துவிடலாம். அதன்பின் அவள் பேசுவதெல்லாம் அவருக்கும் தெரியும். நிச்சயமான பெண் ஒருத்தியின் வாட்ஸ்அப்பை மாப்பிள்ளை இப்படித் தன் மடிக்கணினியோடு இணைத்து மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்பையும் ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் பின்தொடர்தல் என்ற குற்றத்துக்குள் வருகிறது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. வாரம் ஒருமுறை அந்த இடத்தைத் திறந்து, தெரியாத சாதனம் இருந்தால் நீக்கிவிட வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறிலக்க எண்ணையும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். முகப்புப் படத்தைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். ஆனால் இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: படம் வைத்தது அவள் குற்றமில்லை. கல்லூரி விழாவில் எடுத்த குழுப் படம் ஒன்று போதும் இந்த ஒட்டுவேலைக்கு, முகம் மூடியா கல்லூரிக்குப் போக முடியும்?

கைப்பேசி ஆபத்தை மட்டும் கொண்டுவருகிற பொருளாக நாம் பேசுவதும் எனக்கு வருத்தம். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணி பெருகியபோது, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழப்பதற்கு முன் வந்த எச்சரிக்கைகள் போன் வைத்திருந்தவர் கைக்குத்தான் வந்தன. வெளியே போன கணவரின் சட்டைப் பையில் வீட்டின் ஒரே போன் இருக்க, பிள்ளைகளோடு வீட்டிலிருந்த பெண்களுக்குத் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகே தெரிந்ததென்று நிவாரண வேலையின்போது பலர் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருக்கிறது. அங்கே படித்துப் போன பெண்களுக்கு வீடியோ அழைப்புதான் குரல், அவர்களிடமிருந்து போனைப் பிடுங்குவது வாயைக் கட்டுவதற்குச் சமம். இரவுப் பேருந்தில் தனியாக வரும் பெண்ணுக்கு 112, வீட்டுக்குள்ளேயே அடி வாங்கும் பெண்ணுக்கு 181. இந்த எண்களெல்லாம் அவள் கையில் போன் இருந்தால்தான் வேலை செய்யும்.

இப்போது புகார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இணையக் குற்றங்களுக்கென்றே மத்திய உள்துறையின் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் தனிப் பகுதி உண்டு. பெயர் சொல்லாமலும் அங்கே பதியலாம். ஆனால் மிரட்டல் தொடர்கிற உங்கள் நிலையில் பெயரோடு பதிவதே நல்லது, அப்போதுதான் புகார் எண்ணைக் கொண்டு மேற்கொண்டு கேட்க முடியும். நேரில் போக விரும்பினால் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம், அருகிலுள்ள மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். 'சம்பவம் நடந்த எல்லை எங்களுடையது இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மின்னஞ்சலில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

புகாரில் நடந்ததை நாள் வாரியாக எழுதுங்கள். பணம் கேட்டு மிரட்டியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308, 351 ஆகிய பிரிவுகளுக்குள் வரும். படத்தை வெளியிட்டாலோ அனுப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் வரும். உண்மையான அந்தரங்கப் படத்தை எடுத்திருந்தால் 66இ பிரிவைச் சேர்ப்பார்கள். உங்கள் மகளுடையது ஒட்டுப் படம் என்பதை முதல் வரியிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டியதில்லை, அது காவல்துறையின் வேலை. விசாரணைக்காகப் போனைக் கேட்டால், கொடுப்பதற்கு ரசீது வாங்குங்கள். மின்னணுச் சான்றுக்கு, இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்பதால், ஸ்கிரீன்ஷாட் எடுத்த அதே போனைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். வேறு போனுக்கு மாற்றிவிட்டுப் பழையதை விற்றுவிடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

காவல் நிலையத்துக்கு யார் கூடப் போவது என்றும் யோசித்திருப்பீர்கள். பெரியப்பா வேண்டாம், அவர் முன்னால் பிள்ளை முழுதாகப் பேசமாட்டாள். நீங்களும் அவளுடைய அப்பாவும் போங்கள். அப்பா காகிதங்களை வைத்துக்கொள்ளட்டும், பேசுவது மகளாக இருக்கட்டும். அவள் தடுமாறினால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். அங்கே 'படத்தை ஏம்மா போட்டே?' என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. 'என் மக படத்த நாங்கதான் பார்த்துச் சந்தோசப்பட்டோம், அத வெட்டி ஒட்டுனவனப் பிடிங்க' என்று அவர் சொல்லிவிட்டாரென்றால் பிள்ளையின் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும். உடனே வழக்குப் பதியாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். முடிந்தால் காலை முதல் பேருந்திலேயே போய்விடுங்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால், அங்கிருந்தே அவளைக் கல்லூரியில் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் வீட்டுக்குத் திரும்பலாம்.